"வருஷத்துல பாதி நாள் சும்மா தானண்ணே இருக்க"

கேள்வி: மேடம், எனக்கு வயசு 44, மன்னார்குடி பக்கம் கிராமம், பிளஸ் டூ வரைக்கும் படிச்சேன். ஒன்பது மா நிலம், அதாவது மூணு ஏக்கர். சம்பா ஒரு போகம், அது முடிஞ்சா உளுந்து. இந்த சம்பால ஏக்கருக்கு 30 மூட்டை கண்டுச்சு, 60 கிலோ மூட்டை. சன்ன ரகம், கொள்முதல் நிலையத்துல குவிண்டால் 2,545 ரூபாய்க்கு போட்டேன். செலவு ஏக்கருக்கு 33 ஆயிரம். உளுந்தையும் சேத்து எல்லா செலவும் போக வருஷத்துக்கு 70 ஆயிரம் நிக்குது. என் தம்பி சென்னைல ஐடி கம்பெனில மாசம் 95 ஆயிரம் வாங்குறான். அவன் இன்ஜினியரிங் படிக்க 2003ல மூணு மாவ வித்து தான் அப்பா பீஸ் கட்டுனாரு. அப்பா இப்ப இல்ல, பட்டா இன்னும் அவர் பேர்ல தான் கெடக்கு. பொங்கலுக்கு வந்த தம்பி, "நீ வருஷத்துல பாதி நாள் சும்மா தானண்ணே இருக்க, நிலத்த வித்துட்டு சென்னைக்கு வந்துடு, ஏதாவது வேல பாத்து தரேன்"னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டான். மூணு நாள் தூக்கம் வரல. ஒரே வயித்துல பொறந்தோம், நானும் தான் உழைக்கிறேன், அப்புறம் ஏன் மேடம் இவ்வளவு வித்தியாசம்? நிலத்த வித்துடலாமா? பொண்ணு கவர்மென்ட் ஸ்கூல்ல 11வது படிக்கிறா.

பதில்: வணக்கம். நான் 26 வருஷம் பேங்க்ல விவசாய கடன் பாத்தவ, அதுல 11 வருஷம் டெல்டால தான், அதனால உங்க கணக்கு எனக்கு புதுசு இல்ல. ஏக்கருக்கு 18 குவிண்டால், 2,545 வீதம் 45,810 ரூபாய், அதுல 33 ஆயிரம் போனா பன்னண்டாயிரத்து சொச்சம், மூணு ஏக்கருக்கு 38 ஆயிரம், மிச்சம் உளுந்து. சரியா தான் எழுதி இருக்கீங்க. ஆனா இந்த கணக்குல உங்க கூலிய எங்கயும் போடல பாத்தீங்களா? எந்த விவசாயியும் போட மாட்டாங்க, நானும் லோன் பாரத்துல எத்தன தடவ கேட்டிருப்பேன், "நம்ம வயல்ல நாம வேல பாக்கறதுக்கு என்ன கூலி"ன்னு சிரிப்பாங்க.

நிலத்த விக்கிறத பத்தி கடைசில வரேன். மொதல்ல உங்க தம்பி சொன்ன அந்த "சும்மா"வ எடுத்துக்குவோம். கோவம் வர்ற வார்த்த தான், ஆனா பாதி பதில் அதுக்குள்ள தான் இருக்கு.

வருஷத்துக்கு 70 ஆயிரம்னா மாசம் 5,800. தம்பிக்கு 95 ஆயிரம். அதாவது 16 மடங்கு. இத பாத்தா யாருக்கும் தூக்கம் வராது தான். இப்ப இதயே நாள் கணக்குல போடுவோம். சேடை ஓட்டுறது, நாத்தங்கால், நடவு அன்னிக்கு நிக்கறது, தண்ணி பாக்கறது, அண்டை வெட்டறது, உரம், மருந்து, அறுப்பு, நெல்ல காய வச்சு கொள்முதல் நிலையத்துல காவல் கெடக்கறது, அப்புறம் உளுந்து, இதெல்லாம் சேத்து முழு நாளா எண்ணினா மூணு ஏக்கருக்கு உத்தேசமா 90 நாள் வரும். தண்ணி பாக்க விடியகாலைல போய்ட்டு வர்ற அரைமணி ஒருமணி எல்லாம் சேத்து தான் சொல்றேன். அப்ப உங்களுக்கு ஒரு நாளைக்கு 777 ரூபாய் விழுது. தம்பிக்கு வருஷத்துல 250 நாள் வேலைன்னு வச்சா நாளைக்கு 4,560. இப்ப வித்தியாசம் 16 இல்ல, ஆறு மடங்கு கூட முழுசா இல்ல. மீதி எங்க போச்சு? அவர் 250 நாள விக்கிறாரு, உங்களால 90 நாள தான் விக்க முடியுது. தம்பி சொன்னது பொய் இல்ல, ஆனா பழிய தூக்கி உங்க மேல போட்டுட்டாரு. நீங்க சும்மா இருக்கல, மீதி 160 நாள வாங்க ஊர்ல ஆள் இல்ல. ரெண்டும் ஒண்ணு இல்லையே.

நகரத்துக்கும் கிராமத்துக்கும் வருமானம் ஏன் இப்படி கெடக்குன்னு கேட்டா எல்லாரும் படிப்பு, மழை, இடைத்தரகர்னு தான் ஆரம்பிப்பாங்க, அதெல்லாம் இருக்கு தான், ஆனா என்ன கேட்டா மொத காரணம் இந்த விக்காத நாள் தான். சென்னைல ஒரு எலக்ட்ரீசியன் காலைல அடையாறு, மத்தியானம் வேளச்சேரி, சாயங்காலம் இன்னொரு வீடுன்னு ஒரு நாளயே மூணு பேருக்கு விக்கலாம், ஏன்னா கூப்பிட ஆள் நெருக்கமா இருக்கு. அதே ஆள் உங்க ஊர்ல இருந்தா வாரத்துல ரெண்டு நாள் மோட்டார் கட்ட கூப்பிடுவாங்க, அதுவும் "அறுப்பு முடிஞ்சு தரேன்"ம்பாங்க. கை அதே கை தான். 2005ல நூறு நாள் வேலை சட்டம் போட்டதே இந்த ஓட்டைய கொஞ்சமாவது அடைக்க தானே.

இது உங்க ஊர் கத மட்டும் இல்ல. 2023-24 கணக்குல நாட்டுல வேலை பாக்கற நூறு பேர்ல 46 பேர் விவசாயத்துல இருக்காங்க, ஆனா நாட்டோட மொத்த உற்பத்தி மதிப்பு நூறு ரூபாய்னா விவசாயத்தோட பங்கு சுமார் 18 ரூபாய். 46 இலைக்கு 18 பேர் சாப்பாடு. நிலமும் அப்படி தான், இந்தியால ஒரு பண்ணையோட சராசரி 1970-71ல 2.28 ஹெக்டேர், 2015-16ல 1.08, தமிழ்நாட்டுல 0.75 தான், அதாவது ரெண்டு ஏக்கருக்கும் கம்மி. மூணு ஏக்கர் வச்சிருக்க நீங்க சராசரிக்கு மேல. நம்ப முடியல இல்ல?

இன்னொரு கணக்கு சொல்றேன், இத நான் எல்லா விவசாயிக்கும் சொல்லுவேன். 2019ல மத்திய அரசு விவசாய குடும்பங்கள சர்வே எடுத்தப்ப சராசரி மாச வருமானம் 10,218 ரூபாய்னு வந்துச்சு, அதுல பயிர்ல வந்தது 3,798, கூலி சம்பளத்துல வந்தது 4,063. விவசாய குடும்பம்னு பேரு, ஆனா பயிர விட வெளி வேலைல தான் கூட வருது. பயிர மட்டும் நம்பி இருக்கற குடும்பம் தான் அடி வாங்குது, நீங்க எழுதினத வச்சு பாத்தா உங்க குடும்பமும் அதுல ஒண்ணு.

கொங்கு பக்கம் போயிருக்கீங்களா? எனக்கு ரெண்டு வருஷம் பல்லடம் கிட்ட போஸ்டிங். அங்க தண்ணி இல்ல, கெணறு 1,000 அடி போர்னு கெடந்த ஊரு. 1930கள்ல பைக்காரா மின்சாரம் வந்து கோயமுத்தூர்ல மில்லு பெருக, அப்புறம் விசைத்தறி, திருப்பூர் பனியன், கோழிப்பண்ணை, நாமக்கல் முட்டை, லாரின்னு பரவிடுச்சு. அங்க ஒரு வீட்ல அப்பா தோட்டம், அம்மா மாடு, பையன் பனியன் கம்பெனி, கொட்டாய்ல நாலு தறி. எல்லாம் கிராமத்துல இருந்துக்கிட்டே. தறி தொழில்ல கடனும் கஷ்டமும் இருக்கு, நல்லா தெரியும், ஆனா யாரோட நாளும் விக்காம கெடக்காது. நம்ம டெல்டால காவேரி வந்ததால நெல்ல விட்டு வெளிய யோசிக்க வேண்டிய கட்டாயம் ரொம்ப நாளைக்கு வரல, இது என் சொந்த அபிப்பிராயம், மன்னார்குடி காரங்க என்ன அடிக்க வரலாம். 2020ல டெல்டாவ பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டாங்க, எண்ணெய் கெணறு மாதிரி வயல அழிக்கறது வேண்டாம்னு, அது சரி தான். ஆனா வயல காப்பாத்துற சட்டம் வயல்காரனோட மீதி 160 நாளுக்கு வேல தராது.

சரி, விலைக்கு வருவோம். நாள் கணக்குல பாத்தாலும் ஆறு மடங்கு கிட்ட நிக்குதே, அது ஏன்?

நெல்லோட கஷ்டம் என்னன்னா மனுஷன் வயிறு ஒரு அளவு தான். உங்க தம்பி 2007ல வேலைக்கு சேந்தப்ப வாங்கினத விட இப்ப எத்தனையோ மடங்கு வாங்குறாரு, அத்தன மடங்கு சோறா சாப்பிடுறாரு? குறைச்சிருப்பாரு, சப்பாத்தி, முட்டை, பழம்னு போயிருப்பாரு. சம்பளம் ஏற ஏற சாப்பாட்டுக்கு போற பங்கு குறையும், அதுல அரிசிக்கு போறது இன்னும் குறையும். 2022-23 குடும்ப செலவு கணக்குல கிராமத்துல நூறு ரூபாய் செலவுல 46 சாப்பாட்டுக்கு, நகரத்துல 39. நாடு பணக்காரன் ஆக ஆக அந்த காசு போன், பெட்ரோல், ஆஸ்பத்திரி, ஓட்டல்னு போகுது, நெல்லு பக்கம் ரொம்ப வராது. தம்பி விக்கிற பொருள உலகம் முழுக்க வாங்குறான். நீங்க விக்கிற பொருள வாங்குறவன் தட்டு ஏற்கனவே நெறஞ்சு இருக்கு.

கொஞ்சம் விலை ஏறினா உடனே அரசாங்கம் கைய வைக்கும், அதையும் பாத்துட்டீங்க. 2023 ஜூலைல பாஸ்மதி இல்லாத பச்சரிசி, அதாவது வெள்ளை அரிசி ஏற்றுமதிய தடை பண்ணாங்க, 2024 செப்டம்பர்ல தான் எடுத்தாங்க. 2023 டிசம்பர்ல வெங்காயத்துக்கும் அதே. அதே 2023 ஜூலைல தக்காளி நூற தாண்டினப்ப சென்னை ரேஷன் கடைல 60 ரூபாய்க்கு குடுத்தாங்க, டிவில காமிச்சாங்க. தக்காளி ரெண்டு ரூபாய்க்கு விழுந்து, பறிக்கற கூலி கூட வராம பாலக்கோடு பக்கம் செடிலயே அழுக விடுறப்ப எந்த ரேஷன் கடையும் வந்து 20 ரூபாய்க்கு வாங்கறது இல்ல. சிட்டில வாங்கறவன் கூட்டமா இருக்கான், அவன் சத்தம் அரசாங்கத்துக்கு கேக்குது. பொருளாதாரத்துல மைக்கேல் லிப்டன்னு ஒருத்தரு 1970கள்லயே இத நகரத்து பக்கம் சாயற கொள்கைன்னு எழுதினாரு.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு, நேர்மையா சொல்லிடறேன். உங்க வயல்ல நடவு நடற பொம்பளைங்களுக்கு நிலம் கெடையாது. அவங்க அரிசி வாங்கறவங்க, விக்கிறவங்க இல்ல. நெல் விலை ரெண்டு மடங்கு ஆனா உங்களுக்கு சந்தோஷம், அவங்களுக்கு? அவங்க கூலி உங்க 777ல பாதி இருக்குமா? அதே கேள்விய, "நானும் தான் உழைக்கிறேன், ஏன் இவ்வளவு வித்தியாசம்"னு அவங்க உங்கள பாத்து கேட்டா என்ன சொல்லுவீங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. அதனால தான் நெல் விலைய ஏத்தினா எல்லாம் சரி ஆகிடும்னு நான் சொல்றது இல்ல.

அடுத்தது அந்த மூணு மா. 2003ல வித்தீங்களே, அது எங்கயும் போகல, ஐடி கம்பெனி பக்கம் தான் இருக்கு, மாசா மாசம் விளையுது. கிராமம் ஒரு புள்ளைய பெத்து, 21 வருஷம் சோறு போட்டு, நிலத்த வித்து படிக்க வச்சு, சம்பாதிக்க ஆரம்பிக்கற அன்னிக்கு சிட்டிக்கு அனுப்பி வைக்குது. வயசாகி முடியாம போனா திரும்ப ஊருக்கு தான் வராங்க. சம்பாதிக்கற முப்பது வருஷம் மட்டும் சிட்டி கணக்குல ஏறுது. புள்ளிவிவரத்துல இது நகர வருமானம்னு வரும், போட்ட முதல் யாருதுன்னு அதுல வராது. உங்க வீட்ல ரெண்டு பேர்ல ஒருத்தர தான் படிக்க வைக்க முடிஞ்சிருக்கு, மூத்தவர் நீங்க வயல்ல நின்னதால தான் சின்னவர் காலேஜ்ல உக்காந்தாரு. இத நீங்க கணக்கு கேக்கறதுக்காக சொல்லல, உங்க மனசுல இருக்கற "நான் தோத்துட்டேனோ"ங்கறதுக்காக சொல்றேன்.

காசு வர்ற நேரமும் ஒரு விஷயம், இத படிச்ச பொருளாதார ஆளுங்களே பெருசா பேச மாட்டாங்க. நான் டெல்டா பிராஞ்ச்ல இருந்தப்ப ஒவ்வொரு வருஷமும் தண்ணி வந்த உடனே நகைக்கடன் கவுன்ட்டர்ல கூட்டம் நிக்கும். ஒரு அம்மா, பேரு வேண்டாம், வருஷா வருஷம் அதே ரெட்ட வட சங்கிலி. அப்ரைசர் அத தேச்சு பாக்கவே மாட்டாரு, "இது நம்ம சங்கிலி தான்"ம்பாரு. நடவுக்கு வைப்பாங்க, மாசி பங்குனில மீட்பாங்க, கல்யாணம் காட்சின்னா ஒரு வாரம் போட்டுப்பாங்க, மறுபடி ஆடி ஆவணில உள்ள வந்துடும். ஒரு வருஷம் அறுப்பு நேரத்துல மழ புடிச்சு நெல்லு ஈரம் 17 சதவீதத்துக்கு இறங்கவே இல்ல, ரோட்ல தார்ப்பாய் போட்டு பத்து நாள் கெடந்துச்சு. அந்த வருஷம் அந்த அம்மா மீட்க வரல, வட்டி மட்டும் கட்டி மாத்தி வச்சாங்க, கழுத்துல மஞ்ச கயிறு. சம்பளக்காரனுக்கு 30ஆம் தேதி ஆனா காசு, அந்த சிலிப்ப காட்டினா பர்சனல் லோன். உங்களுக்கு வருஷத்துல ரெண்டு தடவ காசு, நடுவுல புள்ள பீஸ், ஆஸ்பத்திரின்னா பயிர்க்கடன் 4 சதவீதம் எல்லாம் உதவாது, அது வயலுக்கு தான், வாராவாரம் தவணை வாங்கற வாரக்குழு காரன்கிட்ட 24 சதவீத வட்டிக்கு தான் போகணும். ஒரே ரூபாய் தான், சரியான நேரத்துல வராததால அதுல கொஞ்சம் வட்டிக்கே போய்டுது.

இவ்வளவும் சொல்லிட்டு ஒண்ணு சொல்றேன், 16 மடங்கு உங்க வீட்டு கணக்கு, நாட்டு கணக்கு அவ்வளவு மோசம் இல்ல. ஒரு ஆளுக்கு மாச செலவு 2022-23ல இந்தியா முழுக்க கிராமத்துல 3,773, நகரத்துல 6,459, அதாவது 71 சதவீதம் கூட. 2011-12ல இது 84 சதவீதமா இருந்துச்சு. தமிழ்நாட்டுல 5,310க்கும் 7,630க்கும், 44 சதவீதம் தான். இது செலவு கணக்கு, வருமான கணக்குல இடைவெளி இன்னும் கூட தான் இருக்கும், ஏன்னா வசதியானவன் எல்லாத்தயும் செலவு பண்ண மாட்டான். ஆனா திசை புரியுது இல்ல.

இப்ப நிலத்துக்கு வரேன். விக்காதீங்க, அதாவது சென்னைக்கு போறதுக்காக விக்காதீங்க. ஏன்னா நீங்க சென்னைக்கு போனா தம்பி சம்பளம் வராது, உங்களுக்கு கெடைக்கற வேலையோட சம்பளம் தான் வரும். எங்க அபார்ட்மென்ட் கேட்ல இருக்கற செக்யூரிட்டி திருத்துறைப்பூண்டி பக்கம், ரெண்டு ஏக்கர வித்துட்டு வந்தவரு. 12 மணி நேர ஷிப்ட், 16 ஆயிரம், அதுல ஒரு ரூமுக்கு 7 ஆயிரம் வாடகை. வருஷத்துக்கு பாத்தா உங்கள விட கூட தான், மறுக்கல, ஆனா வாடகை, கேஸ், பஸ், தண்ணி கேன் எல்லாம் கழிச்சா உங்க 70 ஆயிரம் பக்கம் தான் வந்து நிக்குது. வித்த காசு மூணு வருஷத்துல கரைஞ்சிடுச்சுன்னு அவரே சொன்னாரு. உங்களுக்கு வாடகை இல்ல, அரிசி வாங்கறது இல்ல, இத நீங்க வருமானத்துல எழுதவே இல்ல. உங்கள நீங்க ஒப்பிட வேண்டியது தம்பியோட இல்ல, அந்த கேட்ல நிக்கறவரோட.

செய்ய வேண்டியது அந்த 160 நாள விக்கறது. ஒரேயடியா எல்லாம் முடியாது. ரெண்டு கறவ மாடு, ஒரு மாவுல தீவனப்புல், பால் சொசைட்டில ஊத்துனா அறுப்புக்கு காத்திருக்காம அப்பப்ப காசு வரும், வாரக்குழு தேவையே படாது. ஒரு எச்சரிக்க, மாட்டு வேல பூரா உங்க மனைவி தலைல விழும், அத முன்னாடியே பேசி பிரிச்சுக்கோங்க, நான் பாத்த முக்கால்வாசி வீட்ல காசு அவர் பேர்லயும் சாணி அவங்க கைலயும் தான். உளுந்த சாதாவா விக்காம விதை உளுந்தா போட முடியுமான்னு வேளாண் விரிவாக்க மையத்துல கேளுங்க, சான்று வாங்கினா விலை கூட கெடைக்கும். வெளி வேலைக்கும் கூச்சப்படாதீங்க, நடவு மிஷின் ஓட்ட கத்துக்கிட்டா சீசன்ல அடுத்தவன் வயல்லயும் நாள விக்கலாம்.

பட்டாவ முதல்ல மாத்துங்க. அப்பா பேர்ல இருக்கற வரைக்கும் பயிர்க்கடன், நிவாரணம் எல்லாத்துலயும் இழுபறி தான். வாரிசு சான்றிதழ் வாங்கி, தங்கச்சி அக்கா இருந்தா அவங்களயும் சேத்து உக்காந்து பேசுங்க. இதுல தம்பி பக்கத்தையும் சொல்லணும், இந்த 70 ஆயிரத்துல அவர் பங்கு நிலத்துல விளைஞ்சதும் இருக்கு, இத்தன வருஷம் அவர் குத்தகைன்னு ஒரு ரூபாய் கேக்கல. அதே மாதிரி அந்த மூணு மா அவர் பேர்ல எழுதப்படாத கடன். ரெண்டையும் மேசைல வச்சு பேசினா ஒத்து வரும், ஒண்ண மட்டும் வச்சா சண்ட வரும்.

பொண்ணு விஷயம் தான் பெருசு. ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்னா இன்ஜினியரிங், விவசாயம், மருத்துவம் எல்லாத்துலயும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, அதுல சீட் கெடைச்சா பீஸ அரசே கட்டுது. புதுமைப்பெண் திட்டத்துல காலேஜ் போறப்ப மாசம் ஆயிரம். 2003ல உங்க அப்பாவுக்கு இந்த மாதிரி உதவி இருந்திருந்தா மூணு மா இன்னும் உங்க கைல இருந்திருக்கும். எந்த கோர்ஸ், எந்த காலேஜ்னு தேட உங்களால முடியாது, தம்பியால முடியும். வேல பாத்து தரேன்னு சொன்னாரு இல்ல, "எனக்கு வேண்டாம்டா, பொண்ணுக்கு கவுன்சிலிங்ல கூட உக்காரு, லீவுல வந்து கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக் குடு"ன்னு கேளுங்க. கேட்டா செய்யறவரா தான் தெரியுது, பேச தெரியாம பேசிட்டாரு அவ்வளவு தான்.

நகை ஏதாவது பேங்க்ல இருக்கான்னு நீங்க எழுதல. இருந்தா நெல்லு காசு கைல இருக்கறப்பவே மீட்டுடுங்க, வட்டி தேதி ரசீதுலயே போட்டிருக்கும், தாண்டினா அபராதக் கட்டணம் போடுவாங்க.